மாடியிலிருந்து அப்பா இறங்கிய வழி

"ஐயாவைத் தலைகீழா நிக்க வச்சாத்தான் இந்தப் படியில திரும்பும், மேடம்" என்றார் சவப்பெட்டிக்காரர் டாக்கெட், பெட்டியின் கால்மாட்டைத் தோளில் தாங்கியபடி.

ரோசலிண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நிக்க வைக்கவே கூடாது. படுத்த மாதிரியேதான் போகணும். அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

பக்கத்துப் பண்ணைக்காரரின் பிணத்தைப் பையில் போட்டு, நிமிர்த்தி, படிக்குப் படி இடித்து இறக்கிய கதையைக் கேட்டதிலிருந்தே அப்பா ஆம்ப்ரோஸுக்கு அந்தப் பயம் இருந்தது. காலையில் வெறும் பெட்டியை உருட்டிப் புரட்டி மாடிக்கு ஏற்றியபோது, இறங்கும்போது அதற்குள் ஒரு ஆள் இருப்பார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட டாக்கெட்டுக்கும்தான். ஒரு மணி நேரத்தில் சர்ச்சில் பாதிரியார் காத்திருப்பார். பெட்டி திரும்பவும் படுக்கையறைக்கே போனது.

குற்றம் படியுடையது அல்ல, முன்னோர்களுடையது. ஆதியில் அந்த மாளிகை கல்தரையிலிருந்து கூரைவரை திறந்த ஒரே பெரிய கூடம். நடுவில் நெருப்பு எரியும். பிறகு வந்தவர் குறுக்கே பலகை போட்டு மாடியாக்கினார். அவருடைய பேரன் புகைபோக்கி கட்டினான். அது படிக்கட்டில் பாதியை விழுங்கிவிட்டது. இன்னொருவர் ஊர் மெச்ச முன்புறம் செங்கல்லில் ஒரு புது முகப்பை ஒட்டவைத்தார். அப்பா தினமும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டுவார். "பாவிப்பசங்க, வீட்டையா கட்டினானுங்க? கூறு போட்டானுங்க!"

கீழே சாப்பாட்டு அறையில் சித்தப்பா கில்பர்ட், வந்தவர்களுக்காக வைத்திருந்த கேக்கை மென்றபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க தாத்தா இதோ இப்படித்தான் வந்தார்" என்றார்.

"எப்படி சித்தப்பா?"

"நேரா மேலருந்து. பொணத்தை இறக்கன்னே மாடித்தரையில ஒரு கதவு உண்டும்மா. கயித்துல கட்டி விட்டாங்க. நான் சூப் வரும்னு உக்காந்திருந்தேன், தாத்தா வந்தார்."

ரோசலிண்ட் மனதுக்குள் மாடியை அளந்தாள். மேஜைக்கு நேர் மேலே குளியலறை. அதன் நடுவில் அப்பாவின் இளஞ்சிவப்புக் குளியல் தொட்டி.

"அண்ணன்தான் அதுமேல தொட்டியைப் போட்டான். கேட்டா, எனக்கு இப்போ என்ன அவசரம்னான்."

அப்பா செத்த பிறகு அவள் முதல்முறையாகச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது. சித்தப்பா கேக் ஒட்டிய கைக்குட்டையை நீட்டினார்.

"சட்டம் போட்டுப் பாதுகாக்குற பழைய வீடாச்சே. கவுன்சில்ல கேக்காம ஒரு ஆணியைப் பிடுங்கலாமா?" என்று டாக்கெட் இழுத்தார்.

"இந்தக் கலர் தொட்டிக்காக எந்த அதிகாரியும் சண்டைக்கு வரமாட்டான்யா. தூக்கு!" என்று சித்தப்பா எல்லோரையும் மாடிக்கு விரட்டிக்கொண்டு ஏறினார்.

தூக்கினார்கள். குழாய் பிய்த்துக்கொண்டு டாக்கெட்டின் கறுப்புக் கோட்டை நனைத்தது. தொட்டிக்கு அடியில் விரிப்பைக் கிழித்ததும் இரும்பு வளையத்தோடு கதவு தெரிந்தது. சித்தப்பா கீழே ஓடித் தட்டுகளை ஒதுக்கினார். கதவை இழுத்துத் திறந்தபோது மேஜையும் அதைச் சுற்றிய கல்தரையும் தெரிந்தன.

ரோசலிண்ட் நிமிர்ந்து பார்த்தாள். குளியலறைக்கு உள்கூரை கிடையாது. தொட்டி போட்ட அன்றே அப்பா அதைப் பெயர்த்துவிட்டார். பழைய நெருப்பின் கரி படிந்த வளைவு உத்தரங்கள் அப்படியே மேலே நின்றன. தண்ணீர் ஆறிப்போகும்வரை அப்பா மல்லாந்து கிடப்பார். வெளியே இவள் கதவைத் தட்டிக் கத்துவாள். சோம்பேறித்தனம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தாள். அந்த மனிதர் ஆதிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்!

பெட்டி கயிற்றில் இறங்கியது. மட்டமாக, கொஞ்சமும் சாயாமல். பாதியில், கீழே கல்தரையும் மேலே கூரையுமாக அப்பா நடுவில் தொங்கினார்.

"நிறுத்துங்க" என்றாள்.

"சிக்கிடுச்சா மேடம்?"

"இல்ல."

சர்ச் மணி அடிக்கத் தொடங்கியது. மேலே ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழேயிருந்து சித்தப்பா, "என்னம்மா, வரானா இல்லியா?" என்று குரல் கொடுத்தார்.

"கை விட்டுப்போகுது மேடம்" என்றார் டாக்கெட், மெதுவாக.

"சரி. இறக்குங்க."

ஈரத்தரையில் மண்டியிட்டு அவளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அது தளர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.