திமிறாதே

நூலகக் கூடத்தில் வாரன் ப்ரூயிட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியபோது நான் மட்டும் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். அது அவிழவே இல்லை. என் மனைவி டோரீன் கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். எனக்கு நடந்த ஓய்வு விருந்தில்கூட அவள் அப்படித் தட்டியதில்லை.

வாரன் எங்கள் ஊர் போலீஸ் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கும் முன்பு ஒரே ரோந்துக் காரில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பங்கு உருளைக்கிழங்கு வறுவலையும் தின்றவன். இப்போது அமெரிக்கப் போலீஸில் என்னென்ன கோளாறு என்று ஓஹையோ மாநிலம் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறான். டிவியில் வருகிறான். இளைத்து அழகாகவும் ஆகிவிட்டான், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று அவன் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை.

“ஒருத்தனைக் கீழ தள்ளிப் பிடிச்சதும், ‘திமிறாதே, திமிறாதே’ன்னு கத்துவோம். அவன் அசையாம கிடப்பான், கையில விலங்கு இருக்கும், அப்பவும் கத்துவோம். அவனுக்காக இல்லைங்க. வாசல்ல நின்னு பாக்குறவங்களுக்காக, நம்ம சட்டையில இருக்குற கேமராவுக்காக. நாளைக்குக் கோர்ட்ல அவன் திமிறினான்னு சொல்லணும்ல? இதை யாரும் பாடமா எடுக்கிறதில்ல. பழைய ஆளைப் பாத்துப் புது ஆளுக்குத் தொத்திக்கும்.”

எனக்கு வயிறு எரிந்தது. வரிக்கு வரி அது என் பேச்சு. அவன் தலைவனாகவும் நான் பயிற்சி சார்ஜென்டாகவும் இருந்தபோது அவன் அறைக்கே போய் இதைச் சொன்னேன். கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைக்காமலே, “லென், நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்க” என்றான். கொஞ்ச நாளில் என்னைச் சாட்சிப் பொருள் கிடங்குக்குத் தூக்கிப் போட்டான். ஓய்வு பெறும்வரை அங்கே பறிமுதல் செய்த சைக்கிள்களுக்குச் சீட்டு கட்டினேன். முதுகுவலிக்காக நானே கேட்டு வாங்கிய வேலை என்று டோரீனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

“எவ்வளவு தைரியம் பாரு மனுஷனுக்கு!” என்று டோரீன் காதில் கிசுகிசுத்தாள். “நீயும்தானே அவர்கூட இருந்த? உனக்கு ஏன் இதெல்லாம் தோணல?”

கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் மைக்கை வாங்கினாள்.

“என் பேரு யொலாண்டா பிக்கெட். என் தம்பி டெரிலைக் குப்புறப் போட்டு அமுக்கினப்ப உங்க ஆளுங்க இதைத்தான் கத்தினாங்க. அவன் மூச்சு நின்னப்புறமும் கத்தினாங்க. இது தப்புன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?”

டெரிலை ஊருக்கே தெரியும். நான் கிடங்குக்குப் போன பிறகு நடந்தது அது. அவனுடைய தொப்பிக்கும் நான்தான் சீட்டு கட்டினேன்.

வாரன் ஒரு வாய் தண்ணீர் குடித்தான். “ஓய்வுக்கு அப்புறம்தாம்மா. யூனிஃபார்மைக் கழட்டினப்புறம்தான் கண்ணே தெறந்துச்சு.”

சுற்றிலும் தலைகள் பரிவோடு ஆடின. அந்தப் பரிவையும் அவனே வாரிக்கொண்டு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

“பொய்! நான்தான் முதல்ல சொன்னேன். இவன் ரூமுக்கே போய்ச் சொன்னேன். இவன் பேசுறதெல்லாம் என்னோடது!”

கூடம் முழுக்க என் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம், சொல்ல வெட்கமாக இருந்தாலும், அது இனித்தது.

யொலாண்டா என்னையே பார்த்தாள். “டெரிலுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி,” என்றேன். வாய் முந்திக்கொண்டது.

“விசாரணையில இதைச் சொல்றதுக்கு ஒரே ஒரு போலீஸ்காரன் வர மாட்டானான்னு எங்க அம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

என் பதிலுக்காக டோரீனும் நிமிர்ந்து பார்த்தாள். வாரன் முகத்தில் கோபமே இல்லை. மேடையில் தன் பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியை இழுத்து, கூட்டத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டான்.

“வா, லென்,” என்றான்.

யொலாண்டா மைக்கை என் பக்கம் நீட்டியபடி நின்றாள்.