திரும்பி வந்த போர்வைகள்

கொசுவலையின் கடைசி முடிச்சைப் போடக் கையை உயர்த்திய தவின், போடாமலேயே பள்ளிக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். சுற்றியிருந்த பிள்ளைகள், இதுவும் அவர் காட்டும் வேடிக்கை என்று சிரித்தார்கள். லம்யய்க்குச் சிரிப்பு வரவில்லை. தாய்லாந்திலிருந்து ஆற்றைக் கடந்து லாவோஸ் கரையில் இறங்கியதிலிருந்தே அவள் தன் கணவரின் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நெஞ்சா?"

"ஒண்ணுமில்ல. நீ பாயை எடுத்துக் குடு. புள்ள நின்னுக்கிட்டே இருக்கு பாரு."

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றதிலிருந்து, ஒவ்வொரு பனிக்காலமும் கோயில் சங்கத்தாரோடு இந்த மலையூர்களுக்குப் பாயும் போர்வையும் கொசுவலையும் கொண்டுவந்து கொடுப்பது அவர் வழக்கம். இந்த வருஷம் போகக் கூடாது என்றார் மருத்துவர். "போர்வை தூக்கியா ஒருத்தன் சாவான்?" என்று தவின் கேலி செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பார்த்துக்கொள்ளலாம் என்று லம்யய்யும் கூடவே ஏறினாள். மற்றவர்கள் அடுத்த ஊருக்குப் போயிருந்தார்கள். இங்கே இவர்கள் இரண்டு பேர்தான்.

ஊர்த்தலைவர் கம்பன் படகுக்கு ஆளனுப்பினார். பள்ளிக்கூடத்து மூங்கில் திண்ணையில், கொடுக்காமல் மீந்திருந்த போர்வைகளின் மேல் தவினைச் சாய்த்தார்கள். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"கையைப் பிடிச்சுக்கோ" என்றார் தவின்.

நாலு பேர் முன்னால் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. படகின் சத்தம் கேட்பதற்கு முன்பே அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.

பிள்ளைகளைத் தாய்மார்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். முற்றம் காலியானது. லம்யய் அவர் சட்டைக் கையைப் பற்றியபடி உட்கார்ந்திருந்தாள். விட்டால் என்ன ஆகுமோ என்று பயம், பிடித்திருக்கவும் பயம்.

சற்று நேரத்தில் படியில் ஏதோ விழும் சத்தம். ஒரு பெண் போர்வைக் கட்டை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனாள். பின்னால் இன்னொருத்தி. கட்டுகள் சேர்ந்துகொண்டே இருந்தன.

கம்பன் தலையைச் சொறிந்தார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. குடுத்த கையோட போயிட்டாரு. குடுத்ததத் தேடிக்கிட்டு வருவாரோன்னு சனம் பயப்படுது."

லம்யய்க்குக் கோபம் வரவில்லை. அவள் ஊரிலும் செத்தவர் தொட்ட படுக்கையை எரித்துவிடுவார்கள். இவர்கள் இடத்தில் அவள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் மலையிலிருந்து குளிர்காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. மூங்கில் தரையின் சந்து வழியே அது கால் விரலைப் பிடித்தது.

படகு வந்தது. தவினைத் துணியில் சுற்றிப் படகில் கிடத்தினார்கள். லம்யய் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரையில் ஊரே எட்டி நின்றது. அவள் குனிந்தாள். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினாள்.

"இங்க பாருங்க, நாந்தான் பேசுறேன். வீட்டுக்குப் போறோம். எதையோ மறந்துட்டேன்னு எப்பவும் போல பாதி வழியில திரும்பக் கூடாது. ஆறு திரும்புறப்ப எல்லாம் வழி சொல்லுவேன், கூடவே வரணும். குடுத்தது குடுத்ததுதான். மூடிக்கிட்டாங்களா, தூங்குறாங்களான்னு யாரையும் வந்து பாக்கக் கூடாது. கேக்குதா?"

துணிக்குள்ளிருந்து பதில் வந்துவிடுமோ என்று அவளுக்கே முதுகு சில்லிட்டது.

யாரும் அசையவில்லை. படகோட்டி இயந்திரத்தை முடுக்கினான். அப்போது, முதலில் போர்வையைத் திருப்பி வைத்த பெண் முழங்கால் தண்ணீர் வரை இறங்கி வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க. எம் புள்ள பேரச் சொல்லிச் சொல்லுங்க."

"பேரு என்ன?"

"வந்தொங்."

லம்யய் துணியின் பக்கம் திரும்பினாள். "வந்தொங் தூங்கட்டும். எழுப்பாதீங்க."

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இன்னொருத்தி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள். அவளுக்கும் பின்னால் இரண்டு பேர்.

படகோட்டி அவர்களைப் பார்த்தான். பிறகு குனிந்து இயந்திரத்தை நிறுத்தினான்.