பன்னிரண்டாம் தேதிக் கல்யாணம்

தேனியில் உரக்கடை மாடியில் இருந்த சுரேஷ்கண்ணனின் சாப்ட்வேர் கம்பெனிக்குப் பெயர்ப்பலகை மட்டும்தான் பெரிது. கம்பெனி என்றால் அவன், ஒரு கம்ப்யூட்டர், கரண்ட் போனதும் கூப்பாடு போடும் ஒரு யு.பி.எஸ். புரோகிராம் எழுதுவது அவன் வேலையில் கால்வாசி. மிச்சமெல்லாம் போன். "தம்பி, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு" என்பார்கள். அடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தால் பிளக் கழன்று கிடக்கும்.

அப்படிப்பட்டவன் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் புக்கிங் புரோகிராம் எழுதிக் கொடுத்ததும் தலைகால் புரியாமல் ஆடினான். மேனேஜர் கோட்டைச்சாமி பழைய நோட்டைத் தொட்டாலே அவனுக்குப் பொறுக்காது.

"அண்ணே, இனி நீங்க யோசிக்கவே வேணாம். தேதியத் தட்டுங்க. காலின்னு வந்தா குடுங்க. இல்லேன்னா கைய விரிங்க."

முதல் புக்கிங்காகத் தன் கல்யாணத்தையே ஏற்றினான். செப்டம்பர் பன்னிரண்டு, 2007. பெண், மார்க்கையன்கோட்டை ஹேமாவதி.

பதினொன்றாம் தேதி சாயங்காலம் பெண்வீட்டு வேன் வந்து நின்றபோது மேடையில் வேறொரு ஜோடி சிரித்துக்கொண்டிருந்தது. காலையில் கோயிலில் தாலி கட்டியவர்கள், இங்கே ரிசப்ஷன் வைத்திருந்தார்கள். பந்தியில் முந்நூறு பேர். பெண்ணின் அப்பா வேலுச்சாமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"முந்துன நாளு சாயங்காலமே பொண்ணு வந்து எறங்கும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே! எந்தப் பய பாத்த வேலையா இது?"

கோட்டைச்சாமி பக்கத்தில் நின்ற சுரேஷ்கண்ணனை ஒரு பார்வை பார்த்தார். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிருச்சுங்க" என்றார். பாவம், நல்ல மனுஷன்.

யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் சுரேஷ்கண்ணன் விடிந்தபிறகு, இட்லிக்குச் சரியாகப் போகிறவன். கல்யாணம் முந்தின நாளே தொடங்கிவிடும் என்பது அவன் புத்தியிலும் ஏறவில்லை, புரோகிராமிலும் ஏறவில்லை.

"அத எழுதுனவன் மட்டும் கையில கெடைக்கட்டும், தோல உரிச்சுர்றேன்!" என்றார் வேலுச்சாமி.

வாயைத் திறந்தால் கல்யாணமே நின்றாலும் நிற்கும். ஆனால் திட்டெல்லாம் கோட்டைச்சாமி தலையில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை.

"எழுதுனது நான்தேன் மாமா."

மருமகனை என்ன செய்வது என்று தெரியாமல் வேலுச்சாமி மேனேஜர் மேலேயே மறுபடி பாய்ந்தார். "சரி, அவருக்குத்தேன் தெரியாது. இருவது வருசமா இங்கன இருக்கீரு, ஒமக்குமா தெரியாது?"

"எனக்கு மனசே ஒப்பலைங்க. மாப்ளதேன் யோசிக்கவே வேணாம்னு சொன்னாக."

வேனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஹேமாவதி பட்டுப்புடவையோடு இறங்கி நேராக அவனிடம் வந்தாள்.

"ஏங்க, இத எழுதுறதுக்கு முன்ன கல்யாணமான ஆளு ஒருத்தர்கிட்டயாச்சும் கேட்டீகளா?"

"கேக்கல" என்றான். போன உயிர் இன்னும் பாதிதான் திரும்பியிருந்தது.

"சரி, அவுக பந்தியிலயே நமக்கும் எலை போடச் சொல்லுங்க. எங்க ஆளுக பசியாறிட்டா கோவம் தீந்துரும்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளையிலருந்து எதுன்னாலும் என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதுங்க."