மிதந்து வந்த துணுக்கு

"அக்கா, உங்க நாற்பத்தொண்ணாம் நம்பர்ல ரெண்டு பேர் இருக்காங்க."

இருபத்திரண்டு வருஷமாகச் சதையைச் சீவிப் பிழைக்கிறவளிடம் வந்து இப்படிச் சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? சீவல்காரிக்குச் சிரிப்புதான் வந்தது. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. அதனால்தான் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு அந்தப் பேர்.

"ஒரு ஸ்லைடுக்கு ஒரு ஆளு இருக்கும்போதே முதுகு ஒடியுது டாக்டரம்மா. ரெண்டு ஆளுன்னா சம்பளத்தைக் கூட்டிக் குடுங்க."

மேல்மாடி டாக்டரம்மா சிரிக்கவில்லை. சின்ன வயசு, ஆராய்ச்சிக்காரி. புற்றுநோய் ஒரு செல்லில் எப்படி முளைவிடுகிறது, எந்த மாற்றம் முதலில் வருகிறது என்று டிஎன்ஏவைப் படித்துக்கொண்டிருந்தாள். அதற்காக மிகச் சின்னக் கட்டிகள் இருந்த பழைய ஸ்லைடுகள் அறுபதைக் கேட்டிருந்தாள். சீவல்காரிதான் தேடி எடுத்து, பேரை மறைத்து நம்பர் போட்டுக் கொடுத்தாள். எந்த நம்பர் யாருடையது என்பது அவள் மேஜை டிராயரில் இருக்கும் நோட்டில் மட்டும்தான் இருந்தது.

"ஆளுக்கு ஆள் டிஎன்ஏ மாறும் இல்லையாக்கா? அந்த ஸ்லைடுல நல்ல சதை ஒரு பொம்பளையோடது. ஓரத்துல கேன்சர் இருக்கிற துணுக்கு இன்னொரு பொம்பளையோடது. மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். சரி விடுங்க, அறுபதுல ஒண்ணு தானே. கெட்டுப்போன சாம்பிள்னு அடிச்சிடறேன்."

அவள் போனதும் சீவல்காரி சும்மா ஒரு ஆர்வத்தில்தான் டிராயரைத் திறந்தாள். நாற்பத்தொன்றுக்கு நேரே தன் கையெழுத்திலேயே எழுதியிருந்த பேரை விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். அவள் நாத்தனார் பேர்.

அந்த நாத்தனாரோடு ஆறு வருஷம் பேச்சுவார்த்தையே கிடையாது. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது யார் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று வந்த சண்டை. இரண்டு பேருமே சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் நாலு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் போன் வந்தது. "அண்ணி, மார்ல ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்திருக்காங்க. உங்க இடத்துக்குத்தான் வருதாம். சீக்கிரம் பாத்துச் சொல்லுங்கண்ணி, பயமா இருக்கு" என்று அழுதாள். எப்பேர்ப்பட்ட கோபமானாலும் அந்த அழுகையில் கரையாதா? மறுநாள் காலை வரிசையில் முப்பது மெழுகுக் கட்டிகள் காத்திருந்தன. முப்பதாவதாக நின்றதைத் தூக்கி இரண்டாவதாக வைத்தாள். மூன்று நாளில் வர வேண்டிய ரிசல்ட்டை ஒரே நாளில் வரவழைத்தாள்.

இப்போது அந்தத் தேதியின் பதிவேட்டைப் புரட்டினாள். அன்றைக்கு முதலில் சீவியது வேறொரு பெண்ணின் கட்டி. நோய் முற்றிய கேஸ்.

சீவிய இழையை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் ஸ்லைடால் அள்ளி எடுக்க வேண்டும். ஒரு கட்டி முடிந்து அடுத்ததைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரின் மேற்பரப்பைக் காகிதத்தால் ஒற்றித் துடைக்க வேண்டும். முந்தின ஆளின் துணுக்கு ஏதாவது மிதந்தால் அடுத்த ஆளின் சதையோடு ஒட்டிக்கொள்ளும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே முதல் நாள் சொல்லித் தரும் பாடம் இது. அன்றைக்குக் காகிதத்தைக் கையில் எடுத்தது நினைவிருந்தது. அதற்குள் போன் அடித்ததும் நினைவிருந்தது. "ஆச்சா அண்ணி?" என்றாள் நாத்தனார். "இதோ, உன்னுதுதான்" என்று சொல்லிக்கொண்டே இழையைத் தண்ணீரில் விட்டாள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அடிப்பாவி, உன் கை நுழைந்த இடம் இதுவா!

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ஸ்லைடைப் பார்த்து, பொல்லாத வகைப் புற்று என்றார் பெரிய டாக்டர். அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் சீவிப் பார்த்தபோது புற்றைக் காணவில்லை. ரொம்பச் சின்னது, தீர்ந்துவிட்டது என்றார்கள். இடது மார்பை எடுத்தார்கள். அதிலும் இல்லை. ஊசியிலேயே முழுசாக வந்துவிட்டது, அதிர்ஷ்டக்காரி என்றார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. இருந்தாலும் வகை பொல்லாததாயிற்றே, ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். இரண்டு முடிந்திருந்தது. முடி கொட்டி, நகம் கறுத்து, குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள் நாத்தனார். அந்த நிலையிலும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க அண்ணி மட்டும் சீக்கிரம் பாத்துச் சொல்லலைன்னா நான் இந்நேரம் மண்ணுக்குள்ள இருப்பேன்" என்றாள். சீவல்காரியும் அதைக் கேட்டுப் பூரித்துப்போயிருக்கிறாள். அதை நினைத்ததும் தன் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

மணி பன்னிரண்டு. மூன்றாவது மருந்து இரண்டு மணிக்கு.

நோட்டை மூடி டிராயரில் போட்டுவிட்டால் போதும். மேல்மாடியில் நாற்பத்தொன்றை அடித்துவிடுவார்கள், விஷயம் அதோடு செத்துப்போகும். இப்படி நினைத்தது ஒரு நிமிஷமா, பத்து நிமிஷமா, அவளுக்கே தெரியாது. பிறகு நோட்டோடு பெரிய டாக்டர் அறைக்குள் நுழைந்தாள். எல்லாவற்றையும் கேட்டு, மேல்மாடிக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டு, அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஸ்லைடைப் பாத்தது நான்தானேம்மா. அடுத்த சீவல்ல இல்லைன்னதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்." மருந்தை நிறுத்தச் சொல்லி உடனே வார்டுக்கு எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத்தனை மருந்தே போதும்னு முடிவு பண்ணிட்டோம்னு சொல்லிடலாம். சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க. போனது திரும்பி வரப்போறதில்ல. உனக்கும் குடும்பம் இருக்கு, எனக்கும் இருக்கு."

சீவல்காரி நோட்டை எடுத்துக்கொண்டாள். பாவம், அவர் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் வார்டுக்கு நடந்தாள்.

நாத்தனார் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணி. நர்ஸ் சொன்னாங்க, இன்னைக்கு மருந்து வேணாமாம். நெசமாவா?"

"இனிமே வேணாம். போதுமாம்."

"அப்பாடா!" என்று சாய்ந்துகொண்டாள். "எனக்குப் போதும்னுட்டாங்க. குட்டிய நெனச்சாத்தான் அண்ணி மனசு ஆறலை. அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வருமாமே. பத்தொம்பது வயசுப் பொண்ணு, தெனம் கதவைச் சாத்திக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு தடவித் தடவிப் பாக்கறா. எனக்கும் முன்னாடியே எடுத்துடுங்கன்னு நேத்து அழறா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று வந்தவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அந்தப் பொய் இவளோடு நிற்காது, அந்தப் பெண்ணின் மாரிலும் போய் உட்காரும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, காகிதம், போன், நாற்பத்தொன்று. எதையும் மென்று விழுங்கவில்லை.

நாத்தனார் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ எனக்குக் கேன்சரே இல்லையா அண்ணி?"

"இல்ல."

"முன்னாடியும் இல்லையா?"

"எப்பவுமே இல்ல. அது சாதாரணக் கட்டி."

"கடவுளே!" என்று கத்தியவள் அப்படியே அவளைக் கட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் மெத்தென்றும் மறுபக்கம் வெறும் எலும்பாகவும் அந்த உடம்பு வந்து அழுத்தியது. அழுதாள், சிரித்தாள். "நான் சாக மாட்டேன் அண்ணி! குட்டிக்கும் ஒண்ணும் வராது! அவளுக்குப் போன் போடுங்க, போடுங்க!" சீவல்காரி நம்பரைப் போட்டுக் கொடுத்தாள்.

மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் போனைக் காதில் வைத்திருந்த நாத்தனாரின் இன்னொரு கை மெதுவாக மேலே ஏறி, இடது பக்கம் தட்டையான இடத்தில் வந்து நின்றது. சிரிப்பு நின்றது.

"அண்ணி, இதை எங்க வெச்சிருக்கீங்க?"

சீவல்காரிக்குத் தெரியும். அறுத்து எடுத்ததை ஒரு மாதம் மருந்துத் தண்ணீரில் வைத்திருந்து எரிக்க அனுப்புவார்கள். இதையும் அனுப்பியாகிவிட்டது; பட்டியலில் கையெழுத்துப் போட்டது அவள்தான்.

"சொல்லுங்கண்ணி, எங்க?"

போனில் பெண், "அம்மா? அம்மா, சொல்லும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.