எக்ஸ்போர்ட் எலாஸ்டிக்

சீனியம்மாளுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருந்தது. வாரம் முழுக்க ஓவர்லாக் தையல் மெஷினில் துணியைத் தள்ளித் தள்ளி, கையைத் தூக்கிக் கொண்டை போடக்கூட முடியவில்லை. சனிக்கிழமை கரண்ட் போனதால் பனியன் கம்பெனியில் பகல் வெளிச்சம் இருக்கும்போதே விட்டுவிட்டார்கள். ரெண்டு வாய் தின்றுவிட்டுப் பாயில் விழலாம் என்று மண்ணரையில் இருக்கும் லைன் வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே அந்த நாற்றம்.

செவலை படுத்துக் கிடந்தது. அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் பொது நாய். கழுத்தைச் சுற்றி முடி சிக்குப் பிடித்து, சீழ் வடிந்து, ஈ மொய்த்தது. மூக்குக்கு முன்னால் பால் பிஸ்கட் குவிந்திருந்தது. ஒன்றைக்கூட அது தொடவில்லை. விழுங்க முடிந்தால்தானே தொடும். பக்கத்து வீட்டு மாதவன் அடுத்த பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அது திங்கலைன்னு தெரியுதுல்ல. பெறகு ஏன்டா போடுற?"

"மனசு கேக்கலக்கா. ஒரு உசுருக்குப் போட்டா நமக்கும் மனசு நெறையுதுல்ல."

"ஒம் மனசு நெறையுது. அது கழுத்து அழுகுது."

அந்த வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா ராமாத்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கிறவர்.

"சீனியம்மா, நாளைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள இது இங்க இருக்கப்படாதுங்க. இல்லீன்னா நாய் புடிக்கற வண்டிக்காரனுக்குச் சொல்லிப்போடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? நானா வளக்கேன்?"

"நீங்கதானுங்க சொன்னாக் கேட்டுக்குவீங்க."

அதுதான் சீனியம்மாள் செய்த குற்றம். சொன்னால் கேட்டுக்கொள்வது. எரிச்சலோடு பையை இறக்கி வைத்துவிட்டு நாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருத்தர் மஞ்சள் அப்பியிருந்தார். ஒருத்தர் டீசல் ஊற்றியிருந்தார். முடியை விலக்கிப் பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் கை வரவில்லை. அவள் விலக்கினாள். சதைக்குள்ளே கறுப்பாக ஒரு கோடு ஓடியது. நகத்தால் நெருடினாள். துணி. ஜட்டி இடுப்புக்குத் தைக்கிற எலாஸ்டிக்.

"இது என்னடா?"

மாதவனின் முகம் செத்துப்போயிற்று. அவனுக்கு வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எலாஸ்டிக் வைக்கிற வேலை, ஞாயிறு லீவு.

"நாந்தான்க்கா தச்சுப் போட்டேன். குட்டியா இருந்தப்ப. கழுத்துல பட்டை இருந்தா வளக்குற நாய்னு வண்டிக்காரன் விட்டுருவான்னாங்க."

"குட்டி வளரும்னு தெரியாதாடா?"

"எலாஸ்டிக்தானே, இழுத்துக் குடுக்கும்னு நெனச்சேன்க்கா."

இழுத்துக் கொடுக்கும்தான், ஆனால் விடாது. எத்தனை தடவை துவைத்தாலும் தொய்யாது என்று வெளிநாட்டுக்காரனுக்கு எழுதிக் கொடுத்த சரக்கு. அவன் இடுப்புக்குப் போக வேண்டியது, தெருநாயின் கழுத்தில் ஏறி, நாய் பருக்கப் பருக்க உள்ளே அறுத்துக்கொண்டு போயிருந்தது.

நூல் வெட்டுகிற டிரிம்மரை விட்டுப் பார்த்தாள். நாய் போட்ட கூச்சலில் வரிசை வீடு முழுக்க எட்டிப் பார்த்தது. ஒருத்தரும் இறங்கி வரவில்லை. இது வீட்டில் ஆகிற காரியமில்லை. மாட்டாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் டாக்டர் காலையில் மட்டும்தான் இருப்பார். ஆனால் அன்றைக்குத்தான் சரக்கு அனுப்புகிற ஷிப்மெண்ட். வராதவர்கள் திங்கட்கிழமையும் வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அவள் மெஷினில் உட்கார வேறு ஆள் வேண்டும்.

கடைசி வீட்டு ராபினிடம் போய் நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். அதே கம்பெனிதான், ஓவர்லாக்கும் ஓட்டுவான். மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்று சண்டை போட்டு அந்த ஞாயிறு லீவு வாங்கி வைத்திருந்தான்.

"யக்கா, நாளைக்கு எம்மவ மொதத்தடவையா கோயில்ல தனியாப் பாடுதா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கிய? ஒரு நாய்க்காவ?"

"எனக்கு மட்டும் ஆசையா ராபினு? படுத்தா எந்திரிக்க முடியாத ஒடம்பு. நாளைக்குச் சாயந்தரம் அதத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

அவன் உள்ளே மனைவியைப் பார்த்தான். அவள் பிள்ளைக்கு ரிப்பன் தேய்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ஆண்டவர் கோவிக்க மாட்டாரு. இவதான் கோவிப்பா," என்றான். "ஒரு ஞாயித்துக்கெழம நீங்க எனக்குத் தரணும், பாத்துக்கிடுங்க."

காலையில் ஆட்டோக்காரர்கள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கட்டிங் பீஸ் போடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் நாயை வைத்து, வாயைத் துணி நாடாவால் கட்டி, மடியில் தாங்கிக்கொண்டு மாதவனின் டி.வி.எஸ். ஃபிப்டி வண்டியில் பின்னால் ஏறினாள்.

"எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும்க்கா."

"நீ ஒண்ணும் பாக்க வேண்டாம். ரோட்டப் பாத்து ஓட்டு."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசி போட்டு, சதையை விலக்கி, எலாஸ்டிக்கை வெட்டி உருவினார். புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அத்தனை நேரமும் சீனியம்மாள் அந்தச் செத்த தோளோடு நாயை அமுக்கிப் பிடித்திருந்தாள். மாதவன் வெளியே மரத்தடியில் நின்றான்.

"யாரும்மா கட்டுனது?"

"பாசம் இருக்கவன்தாங்க."

"பட்டை போட்டா உள்ள ரெண்டு விரல் போகணும். வளர்ற குட்டிக்கு அடிக்கடி தளர்த்தணும். டீசல் எல்லாம் ஊத்தாதீங்க. பிஸ்கட் வேண்டாம், கஞ்சி ஊத்துங்க."

பொழுது இறங்குமுன் நாய் வாசலில் கிடந்தது. ராமாத்தாள் கழுத்துக் கட்டைப் பார்த்துவிட்டு, "புண்ணியமுங்க உங்களுக்கு," என்றார். வண்டிக்காரனுக்குச் சொல்லவில்லை. கஞ்சிக்கு அரிசியும் தரவில்லை.

பிறகு தினமும் புண்ணைக் கழுவி மருந்து போட்டவள் சீனியம்மாள்தான். மருந்து பாட்டிலைக் கண்டாலே செவலை அவளைப் பார்த்து உறுமும். நேராகப் போய் மாதவனின் வாசலில் படுத்துக்கொள்ளும். அவன் கஞ்சி ஊற்றிவிட்டு அதன் தலையைத் தடவுவான். எல்லோரும் அவனைத்தான் நல்லவன் என்றார்கள்.

ஒரு காலை குடத்தோடு வெளியே வந்தவள் நின்றாள். நாற்றம் இல்லை. செவலை சட்டியில் தண்ணீரைச் சளப்சளப்பென்று நக்கி, தங்குதடையில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. குழாயில் வரிசை போய்விடும் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். இதற்குப் போய்ச் சந்தோசப்படுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

குழாயடியில் ராபின் நின்றான். பிள்ளை எப்படிப் பாடினாள் என்று கேட்டாள்.

"நல்லாப் பாடுனாளாம்னு சொன்னாவ," என்றான்.

அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிறு ஷிப்மெண்ட் வந்தது. அவன் கேட்கவே இல்லை. அவள் எடுத்துக்கொள் என்றபோதும், இருக்கட்டும் என்றுவிட்டான். ராபினுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனியம்மாள் இன்னும் கடன்.