பெயர் தெரியாத ஆண், வயது சுமார் முப்பது

பழைய ஸ்கேன் மெஷினைக் கழற்றிக்கொண்டு போனபோது, அதிலிருந்த படங்களையெல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் கொட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள். முப்பத்தெட்டாயிரம் ஃபோல்டர்கள். எல்லாவற்றுக்கும் பெயர் வெறும் எண்தான். எது யாருடைய தலை, யாருடைய வயிறு என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இதற்காகவே அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் டெக்னீஷியன் நாற்பத்திரண்டு வயதில் கம்ப்யூட்டருக்கு ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தது நாத்தனார். ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, பெயர், உறுப்பு எல்லாம் எழுத்தாகப் பதிந்திருக்கும். ஸ்கிரிப்ட் அதைப் படித்து, ஃபோல்டருக்குப் புதுப் பெயர் வைத்து, வகைவாரியாக அடுக்கிவிடும்.

"நீங்க ஒரு காபி குடிக்கிறதுக்குள்ள ஆயிரத்த அடுக்கிடும் அண்ணி."

"அடுக்கும், அடுக்கும். முதல்ல அந்தக் கமாவ எங்க வைக்கணும்னு சொல்லு."

இரண்டு மாத மல்லுக்கட்டலில் முதல் டிஸ்க் முடிந்திருந்தது. இரண்டாவது அப்படியே கிடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு வெல்டர் மனைவியோடு வந்தார். அவர் நுரையீரலில் மிளகு அளவில் ஒரு புள்ளி. மறுநாள் ஆபரேஷன். அதற்கு முன் இன்னொரு படம் வேண்டுமென்று அனுப்பியிருந்தார்கள். படம் எடுத்து முடித்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"முன்னாடி எப்பவாவது ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"இங்கதான் எடுத்தாங்களாம். சாரத்துலேர்ந்து விழுந்து நினைவில்லாம கெடந்தேன். ஏழு வருஷமாச்சு."

"ரெக்கார்டு ரூம்ல பேர் போட்டுத் தேடிட்டாங்கக்கா, ஒண்ணும் வரல" என்றாள் மனைவி.

டெக்னீஷியனுக்குப் பொறி தட்டியது. "கொண்டுவந்தப்போ இவர் பேர யார் சொன்னாங்க?"

"யார் சொல்றது? பாக்கெட்ல ஒரு சீட்டுகூட இல்ல. மறுநாள் நான் தேடிக் கண்டுபிடிச்சு வந்தப்புறம்தான் பேரே சொன்னேன்."

"தேதி நினைவிருக்கா?"

"மறக்குமா? எங்க மகளோட முதல் பொறந்தநாள்."

தேதியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினாள். பழைய படம் கிடைத்தால் ஒப்பிடலாம். புள்ளி அன்றைக்கே இருந்து, வளராமல் இருந்தால் கத்தி வைக்கவே வேண்டாம். அடுக்கி முடித்த முதல் டிஸ்க்கில் அந்தத் தேதியே இல்லை. இரண்டாவதை அடுக்குவதற்கெல்லாம் நேரமில்லை, தேடுவதை மட்டும் செய்யும்படி ஸ்கிரிப்டை மாற்றினாள். அந்தத் தேதி, ஆண், நெஞ்சு. ஓடவிட்டாள். திரையில் எண்கள் சரசரவென்று ஏறின. இருபது நிமிடம் நகத்தைக் கடித்தபடி நின்றாள். முடிவு: பூஜ்யம்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"நெஞ்சுன்னு கேட்டீங்களா? அந்தக் காலத்துல அத யாரு டைப் பண்ணுவாங்க?"

"நாங்கதான். அவசரம்னா..." பேச்சு பாதியில் நின்றது. அவசர கேஸ் என்றால் உறுப்பு என்ற கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போகிறவள் அவளேதான். "ஐயோ, என் சோம்பேறித்தனம்டி!"

"அப்ப அந்த வரிய எடுத்துடுங்க அண்ணி. சீக்கிரம்!"

எடுத்தாள். மறுபடி ஓடியது. இந்த முறை பதினான்கு ஃபோல்டர்கள் வந்தன. ஒன்பதாவதில் கண் நிலைகுத்தியது. 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் முப்பது.'

திறந்தாள். நெஞ்சுப் படம்தான். ஆனால் அவர்தானா? காலையில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். வலப்பக்கம் நான்காவது விலா எலும்பு நுனியில் இரண்டாகக் கிளைத்திருந்தது. பழைய படத்தில் அதே எலும்பு, அதே கிளை. நூறு பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். இன்னும் கீழே நகர்த்தினாள். புள்ளி இருந்தது!

செருப்பு ஒருபக்கம் கழன்றதுகூடத் தெரியாமல் மாடியேறி டாக்டரம்மாவின் கதவைத் தள்ளினாள். "டாக்டர், ஏழு வருஷத்துக்கு முந்தின படம் கிடைச்சிருச்சு!"

படம் பார்த்து முடிவு எழுதுகிற டாக்டர் அவர், லேசில் எதையும் நம்பமாட்டார். எலும்பைப் பார்த்தார், அன்றைய விபத்துப் பதிவேட்டை வரவழைத்து ரத்த வகையைச் சரிபார்த்தார், புள்ளியை மூன்று முறை அளந்தார். அன்று ஆறு மில்லிமீட்டர். இன்றும் ஆறு.

"அசையவே இல்லம்மா இது" என்றவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். "பழைய தழும்பு. சர்ஜனுக்கு நானே பேசுறேன்."

அரைமணி நேரத்தில் ஆபரேஷன் ரத்தானது. வருடத்துக்கொரு படம் எடுத்தால் போதும். விஷயத்தைக் கேட்ட வெல்டர் சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அந்த எலும்ப நான் பாக்கலாமா?" என்றார்.

காட்டினாள். மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். "கிளை விட்டிருக்கு பாருங்க. இந்த மனுஷன்கிட்ட நேரா ஒரு எலும்பு இருந்தாத்தானே ஆச்சரியம்!"

சாயங்காலம் டாக்டரம்மா கீழே வந்து, "பேர் தெரியாதவங்கன்னு இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டார். ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்து ஓடவிட்டதில் திரையில் பதினொரு பேர் வந்தார்கள். மறுநாள் வேலைக்கு அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, அது யாரென்று கண்டுபிடிக்க அவள் அந்தப் பதினொன்றில் முதல் ஃபோல்டரைத் திறந்தாள்.