மாப்பிள்ளை திருந்திய நாள்

அந்த மின்னஞ்சல் வந்தபோது காலை பத்தேகால். தலைப்பில் ஆறு வருடமாக எனக்கு மனப்பாடமான ஒரு புகார் எண். பக்கத்தில் ஒரே ஒரு சொல்: சரிசெய்யப்பட்டது. மூன்று முறை படித்தேன். எங்கே கண்ணை எடுத்தால் மாறிவிடுமோ என்று திரையைப் பார்த்தபடியே எழுந்து நின்று, எதிர் மேசையில் இருந்தவனிடம், "மாப்பிள்ளை திருந்திட்டான்" என்றேன்.

மாப்பிள்ளை என்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு பிரவுசருக்கு நாங்கள் வைத்த பெயர். ஓர் இணையப் பக்கத்தை எப்படி வரைய வேண்டும் என்று எல்லோரும் கூடிப் பேசி எழுதிவைத்த விதிகள் இருக்கின்றன. மற்ற பிரவுசர்கள் முன்னே பின்னே அதற்குக் கட்டுப்படும். இவன் மட்டும் மாட்டான். நாங்கள் ஒரு பக்கத்தை இழைத்து இழைத்து முடித்தபின், இவனுக்கென்று தனியாக உட்கார்ந்து, இங்கே இரண்டு புள்ளி தள்ளி, அங்கே நாலு புள்ளி ஏற்றி, முகம் கோணாமல் கவனித்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று தள்ளவும் முடியாது. பாதிப் பேர் இவனைத்தான் வைத்திருந்தார்கள், எங்களுக்கு வேலை கொடுத்த இடங்களும் சேர்த்து.

ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அதில் என்னென்ன சரியாகியிருக்கிறது என்று ஒரு பட்டியல் வெளிவரும். பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைகள் மாதிரி அதில் எங்கள் எண்ணைத் தேடுவோம். இருக்காது. இவன் வரைகிற கோணலைப் பற்றி, பிரவுசர் செய்கிறவர்களுக்கு முதலில் எழுதிப் போட்டவள் நான்தான். மாதிரிப் பக்கமெல்லாம் செய்து இணைத்து, மிகப் பணிவாக எழுதியிருந்தேன். அடுத்த வருடம், ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டேன். கீழே எங்கெங்கோ இருந்து முகம் தெரியாத ஆட்கள் வந்து எனக்கும், எனக்கும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஒருவர், இதில் முதன்முதலாகப் புலம்பியபோது பிறந்த என் மகன் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறான் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துச் சிரித்தோம்.

எதிர் மேசைக்காரனுக்கு அலுவலகத்தில் பெயர் கண்ணாடி. நாங்கள் செய்கிற பக்கங்களில் பிழை கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. கண்ணாடி போட்டும் போடாமலும் கண்டுபிடிப்பான். புதிய பதிப்பை உடனே தன் கணினியில் ஏற்றி, எங்கள் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். செருப்புக் கடைப் பக்கத்தில் எப்போதும் கோணிக்கொண்டு நிற்கிற படங்கள் வரிசையாக நின்றன. நூலகப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த எழுத்துகள் விலகி உட்கார்ந்திருந்தன. மேலாளரும் தேநீர்க் கோப்பையோடு வந்து எங்கள் பின்னால் நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் வெட்கக்கேடு. அடுத்து ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறக்கவா என்று கண்ணாடி கேட்டான். திற என்றேன், பெருமையாகத்தான்.

நான் செய்ததிலேயே பெரிய வேலை அது. குழந்தைகள் வார்டில் எந்தக் கட்டிலில் இருக்கிற பிள்ளைக்கு என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று காட்டுகிற திரை. இடது ஓரத்தில் கட்டில் எண்ணும் பிள்ளையின் பெயரும் அசையாமல் நிற்கும். வலது பக்கம் மருந்துகள். போன மாதத்திலிருந்து வார்டில் காகிதத்தை எடுத்துவிட்டு இதை மட்டும்தான் வைத்திருந்தார்கள். என் அண்ணி அந்த வார்டில்தான் நர்ஸ். டாக்டர்களுடைய கோழிக் கிறுக்கலைப் பார்த்து முழிக்கிற வேலை மிச்சம் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம், எங்கள் நாத்தனார் செய்தது என்று சொல்லி வைத்திருந்தாள்.

பக்கம் திறந்தது. கண்ணாடி திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"பேரெல்லாம் ஏன் ஒரு வரி மேல ஏறியிருக்கு?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பார்த்த அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. கட்டில் எண்ணோடு சேர்ந்த இந்தப் பெயர் வரிசையைத்தான் மாப்பிள்ளை எப்போதும் ஒரு வரி கீழே இறக்கி வரைவான். அதனால், வந்திருப்பது மாப்பிள்ளை என்றால் பெயர்களை ஒரு வரி மேலே ஏற்று என்று நான் எழுதி வைத்திருந்தேன். எந்தப் பதிப்பு என்று கேட்டு எழுதியிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த வரிக்கு மேலே என் கையாலேயே ஒரு குறிப்பு: திருந்தாத ஜென்மம், பதிப்பு எண் பார்க்க அவசியமில்லை. இப்போது அவன் ஒழுங்காக வரைகிறான். நான் அதன்மேலும் ஒரு வரி ஏற்றுகிறேன். முதல் கட்டிலின் பெயர் தலைப்புப் பட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. மற்ற ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே முந்தைய கட்டிலின் மருந்து இருந்தது. பார்வைக்கு எந்தக் கோணலும் இல்லை. கோடுகள் அவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தியிருந்தன.

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்குப் போன் செய்து, ஏதோ பொதுவாக விசாரிப்பதுபோல, புதிய பதிப்பு அங்கே வந்துவிட்டதா என்று கேட்டேன். அது நேற்றிலிருந்தே தானாக ஏறிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு கணினியும் எப்போது நின்று திரும்பக் கிளம்புகிறதோ அப்போது மாறிவிடும், இதுவரை எத்தனை மாறியது என்று கணக்கில்லை என்றார்கள். ஆக, அந்த வரியை அழிக்கவும் முடியாது. மாறாத கணினிகளில் பெயர்கள் கீழே இறங்கிவிடும். பழைய பதிப்பானால் மட்டும் ஏற்று என்று திருத்தினேன். பத்து நிமிட வேலை. அதிலும் பதற்றத்தில் பதிப்பு எண்ணைத் தப்பாக அடித்து, கண்ணாடிதான் பிடித்தான். திருத்தியதை அங்கே ஏற்ற அவர்களுடைய அதிகாரி அனுமதி கொடுக்க வேண்டும். அவர் கூட்டத்தில் இருந்தார். ஒரு மணிக்குத்தான் வருவாராம். பன்னிரண்டு மணிக்கு அடுத்த மருந்து. மணி அப்போது பதினொன்றேகால்.

வார்டுக்கு உடனே சொல்லிவிட வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் கோப்பையை என் மேசையிலேயே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பதறாதீங்க. ஒண்ணும் ஆயிருக்காது, நர்ஸுங்க ரெண்டு பேர் சரிபாத்துதான் கொடுப்பாங்க. மொதல்ல இதை ஏத்திடுவோம். எப்படிச் சொல்றதுன்னு அப்புறம் யோசிப்போம்."

இரண்டு பேர் சரிபார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். இரண்டு பேரும் பார்ப்பது இதே திரையைத்தான். தலையை ஆட்டிவிட்டு, கழிப்பறைக்குப் போகிறவள்போல எழுந்து, மாடிப்படிக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். என் வேலை போய்விடும் என்ற பயம் அந்த நேரத்திலும் ஒரு ஓரமாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வார்டுக்குள் கைப்பேசி வைத்துக்கொள்ளக்கூடாது என்பதால் மேசைத் தொலைபேசி எண்ணை அழுத்தினேன். ஒன்பது முறை மணி அடித்தபிறகு எடுத்தாள்.

"அண்ணி, நான்தான்."

"என்ன இந்த நேரத்துல? அத்தைக்கு ஏதாவதா?"

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க. அண்ணி, அந்த மருந்துத் திரையைப் பாத்து இனிமே எதுவும் கொடுக்காதீங்க. பேரு ஒரு வரி மேல ஏறியிருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் முந்தின பெட்டோட மருந்தைக் காட்டுது. நான் எழுதினதுல தப்பு."

அந்தப் பக்கம் ஏதோ தள்ளுவண்டி ஒன்று கடந்துபோனது.

"அங்க கம்ப்யூட்டர் தானா நின்னு திரும்ப வந்துச்சா அண்ணி?"

"நேத்து சாயந்தரம்" என்றாள். குரல் வேறாகிவிட்டிருந்தது.

"மொதல் பெட்ல யாரு?"

"யாருமில்ல. காலி." பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, "ரெண்டாம் பெட் பாப்பாவுக்கு நேத்து ராத்திரியும் வலிப்பு மருந்து இல்ல, இன்னிக்குக் காலைலயும் இல்ல. டாக்டர் நிறுத்திட்டார்னு நெனச்சோம். மூணாவது பெட்ல..."

முடிக்கவில்லை. தொலைபேசியை வைக்காமல் மேசைமேல் போட்டாள்; மரத்தில் அது மோதியது என் காதில் அறைந்தது. அவள் யாரிடமோ டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். பிறகு செருப்புச் சத்தம். ஓடினாள். நான் படியில் உட்கார்ந்து, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். தூரத்தில் ஒரு பிள்ளை எதையோ எண்ணிக்கொண்டிருந்தது, ஏழு, எட்டு என்று. அப்புறம் ஒரு பெண்ணின் குரல், நன்றாகவே கேட்டது, சிரித்த குரல்.

"வாங்க சிஸ்டர். பாப்பாவுக்கு மருந்தே வேணாம்னுட்டாங்க இல்ல, நான் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாமா?"

அண்ணி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கட்டிலின் பக்கக் கம்பியைத் தடாலென்று கீழே இறக்குகிற சத்தம் கேட்டது.